ரீல்ஸுக்கு லீவு விட்டால் கடை மூடியதாகிவிடுமா?

டெரகோட்டா நகைக்கு அவசரம் ஆகாது. களிமண்ணுக்குள் ஈரம் தங்கிவிட்டால் சுடும்போது வெடித்துவிடும். செய்த ஜிமிக்கியை வெயிலில் வைத்தால் விரிசல் விடும். நிழலில்தான் நாள்கணக்கில் உலர வேண்டும். சுட்டு, ஆறவைத்து, வர்ணம் தீட்டிய பிறகுதான் கொக்கி மாட்ட முடியும்.

வீட்டிலிருந்தே இதைச் செய்யும் பெண்களுக்கு வாடகையில்லாத கடையாக வந்தது இன்ஸ்டாகிராம். ஆரம்பத்தில் ஒரு போட்டோ போதும். 2020 ஜூனில் இந்தியாவில் டிக்டாக் தடை செய்யப்பட, ஜூலையில் ரீல்ஸ் வந்தது. அதன் பிறகு வீடியோ எடுப்பது, எடிட் செய்வது, பாட்டு சேர்ப்பது, 'விலை என்ன சிஸ்?' என்பவர்களுக்கெல்லாம் பதில் சொல்வது என்று பகல் முழுக்க போனிலேயே போய்விடுகிறது. மண்ணைத் தொட ராத்திரிதான் மிச்சம்.

அதனால் சிலர் 'கொஞ்ச நாள் லீவு' என்று எழுதிவிட்டு ஒதுங்குகிறார்கள். 'வியாபாரம் படுத்துவிட்டது போல' என்று ஊர் பேசும். அப்படி ஆகாமல் இருக்க, ஒதுங்கும் முன்பே ஒரு வேலை செய்ய வேண்டும். ஏற்கெனவே வாங்கியவர்களின் போன் நம்பரை, அவர்களைக் கேட்டு, ஒரு நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். பக்கமே முடங்கினாலும் அந்த நோட்டு கையில் இருக்கும். மாதம் ஒருமுறை புது டிசைன்களை வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்டில் அனுப்பலாம். வாடிக்கையாளரும் நம்பரைச் சேமித்திருந்தால்தான் அது போய்ச் சேரும் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

புது வாடிக்கையாளர்கள் குறையலாம்; சில மாதம் வருமானமும் இறங்கலாம். அதைத் தாங்கும் சேமிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு லீவு சொல்வது நல்லது.