தோண்டியவரே மூடுக!

கண்டி மாநகரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வீதி தோண்டப்படுவது புதிய செய்தியன்று. நீர்க்குழாய், கழிவுநீர்க் குழாய், தொலைபேசிக் கம்பி என ஒன்றன்பின் ஒன்றாக மண்ணுக்குள் இறங்குகின்றன. இவை வேண்டா என்று அறிவுடையோர் எவரும் கூறார். நாம் கேட்பது வேறு. தோண்டிய வீதியை முன்னிருந்த நிலைக்குக் கொண்டுவரும் கடமை யாருடையது? அக்கடமை எவ்வளவு காலம் நீடிக்கும்?

வீட்டுக்கு நீரிணைப்புப் பெற விரும்பும் ஒருவர் வீதியைக் குறுக்கே வெட்ட வேண்டியிருந்தால், வீதிச் சேதத்துக்குரிய பணத்தை முன்கூட்டியே கட்டுகிறார். பற்றுச்சீட்டைக் காட்டிய பின்னரே அலவாங்கு மண்ணிற் படலாம். இது நியாயமான ஏற்பாடே. ஆனால் குழாய் பதிந்து, மண் அள்ளிப் போடப்பட்டு, மாதங்கள் கடந்தபின்னும் தார் வராவிடின் அப்பணம் எங்கே போயிற்று? வரி வேறு, ஒரு குறித்த கருமத்துக்கென ஒப்படைக்கப்பட்ட பணம் வேறு. வரியைச் சபை தன் விருப்பப்படி ஒதுக்கலாம். மற்றையதோ நம்பிக்கைப் பொறுப்பு. அதனைப் பொது வருமானத்திற் கலந்துவிட்டு, “நிதி வரட்டும்” என்று மறுமொழி கூறுவது எந்த நீதிக்கும் பொருந்தாது.

பொறுப்பைத் தட்டிக்கழிக்க நம் நாட்டில் வழிகள் பல உண்டு. கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும் ஏ-1 வீதியும், கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 வீதியும் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. வேறு சில வீதிகள் மாகாணத்துக்கு உரியவை. எஞ்சியவை மாநகர சபைக்கும் பிரதேச சபைகளுக்கும் உரியவை. தோண்டுவோரோ நீர் வழங்கல் சபையினர், மின் விநியோகத்தார், தொலைபேசி நிறுவனத்தார், இவர்களுக்காக வேலை செய்யும் ஒப்பந்தகாரர். குழி ஒன்று, அதிகாரிகள் பலர். குழியில் விழுபவர் மட்டும் எப்போதும் பொதுமகனே.

1865ஆம் ஆண்டு தொட்டு மாநகர சபையைக் கொண்ட நகரம் கண்டி. 1988இல் அது உலக மரபுரிமை நகரமாயிற்று. 2010ஆம் ஆண்டில் ஜப்பானியக் கடனுதவி பெற்ற கழிவுநீர்த் திட்டத்துக்காக நகரின் நடுவே குழாய்கள் புதைக்கப்பட்டன. வாவியும் மத்திய கால்வாயும் மாசடையாதிருக்க அத்திட்டம் அவசியமே. எனினும் நற்பணிக்காகத் தோண்டினாலும் குழி குழியே.

மலைநாட்டில் இதன் தீங்கு சமவெளியிலும் பெரிது. குழியை அடுக்கடுக்காக மண்ணிட்டு, ஒவ்வோர் அடுக்கையும் இடித்து இறுக்கினாலன்றி அது தாழ்ந்தே தீரும். தாழ்ந்த பள்ளத்தில் மழைநீர் புகும், சரிவான வீதியில் அந்நீர் குழாய்த் தடத்தையே கால்வாயாக்கி ஓடும், அடிமண் கரையும், ஓரச் சுவர் பிதுங்கும். 2025 நவம்பரில் டித்வாப் புயல் மழை கண்டி மாவட்டத்தின் மலைகளைச் சரித்ததைக் கண்டபின்னும், மலைச்சரிவில் நீர் புகுவதற்கு நாமே வாயில் திறந்து வைக்கலாமா? மரக்கறி ஏற்றிய லொறி அச்சு முறிந்து நின்றால் விவசாயியின் அன்றைய உழைப்பு வீணாகும். நடைபாதைக் கற்கள் பெயர்ந்து கிடந்தால் முதியோரும் பள்ளிச் சிறாரும் வாகனங்களுக்கு இடையே இறங்கி நடக்க நேரும்.

பிறநாடுகள் இதற்கு வழி கண்டுள்ளன. இங்கிலாந்தில் 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி, தோண்டியவரே வீதியைச் செப்பனிடவேண்டும். தற்காலிகமாக மூடினால் ஆறு மாதத்துக்குள் நிரந்தரமாக்கவேண்டும். அதன்பின் இரண்டாண்டுகளும், ஆழமான குழியாயின் மூன்றாண்டுகளும் அவரே உத்தரவாதி. சென்னை மாநகராட்சி வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வீதி வெட்டுவதற்குத் தடை விதிக்கிறது. இவை நமக்கு எட்டாத அற்புதங்கள் அல்ல.

கண்டி மாநகர சபையும் அயற் பிரதேச சபைகளும் உபவிதி இயற்றும் அதிகாரம் உடையவை. அவ்வதிகாரத்தைப் பயன்படுத்தி அவை செய்யவேண்டியவற்றைக் கூறுவோம். முதலாவது, செப்பனிடக் கட்டும் பணம் தனிக் கணக்கில் இருத்தல் வேண்டும். இரண்டாவது, தோண்டிய நிறுவனம் இரண்டாண்டுக்கேனும் உத்தரவாதியாக இருத்தல் வேண்டும். அதுவரை பிணைப்பணம் திருப்பிக் கொடுக்கப்படலாகாது. மூன்றாவது, புதிதாகத் தாரிடுமுன் எல்லா நிறுவனங்களையும் அழைத்து, தோண்டவேண்டியவற்றை ஒரே முறையில் தோண்டச் செய்தல் வேண்டும். நான்காவது, குழியருகே தடுப்பும் இரவில் விளக்கும் இருப்பதோடு, தோண்டுபவர் பெயரும் முடிக்கும் நாளும் மும்மொழிகளிலும் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். 1987ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தத்தால் தமிழும் ஆட்சிமொழியாயிற்று. எச்சரிக்கைப் பலகையைத் தமிழர் வாசிக்க இயலாதிருப்பது மொழிக் குறை மாத்திரமன்று, உயிருக்கே ஆபத்து.

தோட்டப் பகுதி மக்களை இங்கு தனியே நினைவூட்டல் வேண்டும். தோட்டக் குடியிருப்புகளுக்குச் சேவை செய்யச் சட்டம் இடந்தரவில்லை என்று நெடுங்காலம் பிரதேச சபைகள் கைவிரித்தன. 2018ஆம் ஆண்டில் நிறைவேறிய பிரதேச சபைகள் திருத்தச் சட்டம் அத்தடையை நீக்கிற்று. இனித் தெல்தோட்டையிலோ புசல்லாவையிலோ லயத்துக்குக் குழாய் போகும் பாதை உடைந்து கிடந்தால், “அது தோட்டத்தார் பாதை” என்ற பழைய பல்லவியை எவரும் பாட இடமில்லை.

2025 மே 6ஆம் நாள் நடந்த தேர்தலால் உள்ளூராட்சி சபைகள் மீண்டும் மக்கள் பிரதிநிதிகளிடம் வந்துள்ளன. வாக்களித்ததோடு நம் கடமை தீர்ந்துவிடவில்லை. 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டப்படி, ஒரு குழிக்கு யார் அனுமதி பெற்றார், எவ்வளவு பணம் கட்டினார், அது எவ்வாறு செலவாயிற்று என்று எந்தக் குடிமகனும் எழுத்திற் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் அறிவித்தாக வேண்டும். சட்டந் தெரிந்தோர் ஊருக்கு ஒரு விண்ணப்பமேனும் எழுதிக்கொடுக்க முன்வருதல் வேண்டும். விவசாயிகள் அதிற் கையொப்பமிடத் தயங்கலாகாது. கேட்காதவனுடைய வீதி குழியாகவே கிடக்கும். கேட்போமாக!