எதைவிடக் குறைவு?



போன வாரம் தாம்பரத்தில் ஆட்டோ ஏறினேன். “டீசல் வண்டிய வித்துட்டு சி.என்.ஜி.க்கு மாறிட்டேன் சார். புகை ரொம்பக் குறைஞ்சிடுச்சு” என்றார் ஓட்டுநர். மேடவாக்கத்தில் இறங்கிய பிறகும் அவர் குரலில் இருந்த நிறைவு மனதில் நின்றது. சி.என்.ஜி. எனப்படும் அந்த அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயு எங்கிருந்து வருகிறது என்று உங்களோடு பேசத் தோன்றியது.

சென்னைக்கு அது வரும் பெரிய வாசல் எண்ணூர். நிலக்கரி இறக்குவதற்காகவே 2001-ல் தொடங்கிய துறைமுகம் அது. இன்று காமராஜர் துறைமுகம். அங்கேதான் இந்தியன் ஆயில் நிறுவனம் 5,000 கோடி ரூபாய்க்கு மேல் முதலிட்டு அமைத்த எல்.என்.ஜி. (திரவ இயற்கை எரிவாயு) முனையம் 2019-ல் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளும் திறன் கொண்டது. மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்தால் இயற்கை எரிவாயு திரவமாகி, 600-ல் ஒரு பங்காகச் சுருங்கும். கப்பலில் அப்படி வருவதை முனையத்தில் மறுபடி வாயுவாக்கிக் குழாயில் அனுப்புகிறார்கள். நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் வீடுகளுக்கும் எரிபொருள் நிலையங்களுக்கும் அதைக் கொண்டுசேர்க்கும் உரிமத்தை ஏஜி அண்ட் பி பிரதம் நிறுவனம் பெற்றது.

இந்த முயற்சியை மனதார வரவேற்கிறேன். ஆனால் ‘மாசு குறைந்த எரிபொருள்’ என்று யார் சொன்னாலும், எதைவிடக் குறைவு என்று கேட்டுக்கொள்வோம். நிலக்கரியை எரிப்பதோடு ஒப்பிட்டால் கரியமில வாயு ஏறக்குறைய பாதிதான். டீசலோடு ஒப்பிட்டால் சுமார் கால் பங்கு குறையும். கரிப்புகை அதைவிட வெகுவாகக் குறையும். ஜி.எஸ்.டி. சாலை நிறுத்தங்களில் கைக்குழந்தையோடு நிற்கும் தாய்க்கு அதுவே பெரிய ஆறுதல். சமையலறை சிலிண்டரோடு ஒப்பிட்டாலோ வித்தியாசம் பத்தில் ஒரு பங்கு அளவே. அங்கே கிடைக்கும் லாபம் வசதிதான்: சிலிண்டருக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம், மூன்றாம் மாடிக்கு யாரும் அதைத் தோளில் சுமக்க வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. எரியாமல் கசியும் மீத்தேன், 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைவிடச் சுமார் 80 மடங்கு பூமியைச் சூடாக்கும். கிணறு, கப்பல், குழாய் என வழி நெடுகிலும் சில சதவீதம் கசிந்தாலே நிலக்கரியை விட்டு வந்த பலன் கரைந்துபோகும். ஆகவே முதலீட்டுத் தொகையைச் சொல்லும் நிறுவனங்கள், கசிவு எவ்வளவு என்பதையும் அளந்து மக்களுக்குச் சொல்ல வேண்டும்.

குழாய் இணைப்பு வந்திருக்கும் வீட்டாருக்கு ஒரு வார்த்தை. சிலிண்டர் வாயு கசிந்தால் தரையில் படியும். குழாய் வாயு காற்றைவிட லேசானது, மேலே ஏறும். சமையலறையின் மேல் ஜன்னலை அட்டை வைத்து அடைத்துவிடாதீர்கள். வாடை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல், வால்வை மூடி, ஜன்னல் கதவுகளைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். அந்த வால்வு எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்கும் காட்டிவையுங்கள்.

பெரும்பாக்கம் பணிமனையிலிருந்து இப்போது மின்சாரப் பேருந்துகள் ஓடுகின்றன. அவற்றுக்குப் புகைக்குழாயே கிடையாது. அந்த மின்சாரம் சூரியனிலிருந்தும் காற்றிலிருந்தும் வரும் நாளில், இன்று குறைவாகத் தெரியும் எரிவாயு மாசே அதிகமாகத் தெரியும். அந்த நாள் சீக்கிரம் வரட்டும். அதுவரை, டீசலை விட்டு ஒரு படி ஏறிய அந்த ஆட்டோ ஓட்டுநருக்கு என் வாழ்த்து.

உங்கள் தெருவுக்குக் குழாய் வந்துவிட்டதா? அனுபவத்தை எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்