பாப்பம்மாள் பாட்டியின் பத்து ஏக்கர்

கேள்வி: ''எங்கள் அம்மாயி போன மாதம் தவறிவிட்டார். எந்நேரமும் கேலியும் சிரிப்புமாக இருப்பார். களை வெட்டும்போது அவர் பக்கத்து வரிசையைப் பிடிக்கப் போட்டியே நடக்கும். அறுபது வருடம் காட்டில் பாடுபட்டவரை ஒருவர்கூட 'விவசாயி' என்று சொன்னதில்லை. மேட்டுப்பாளையம் பாப்பம்மாள் பாட்டிக்கு மட்டும் அந்தப் பெயர் எப்படிக் கிடைத்தது?''
- ஒரு வாசகி, கோபி.

பதில்: மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டி, பவானி ஆற்றங்கரையில் உள்ள ஊர். கோயில் யானைகளுக்குப் புத்துணர்வு முகாம் நடந்த இடம் என்றால் பலருக்குச் சட்டென்று தெரியும். அந்த ஊரின் ரங்கம்மாள்தான் எல்லோருக்கும் பாப்பம்மாள் பாட்டி. 1914-ல் பிறந்தவர் என்பார்கள். வயதைப் பற்றிப் பத்திரிகைகள் ஆளுக்கொரு கணக்குச் சொன்னது உண்டு. அந்தக் காலத்தில் பிறந்த நாளை எழுதி வைத்தவர்கள் எத்தனை பேர்? நூறைத் தாண்டியும் தோட்டத்துக்குப் போனார் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை.

சின்ன வயதிலேயே தாயும் தகப்பனும் போய்விட்டார்கள். சகோதரிகளோடு அவரை வளர்த்தது அவருடைய பாட்டி. அந்தப் பாட்டி தேக்கம்பட்டியில் ஒரு கடை வைத்திருந்தார். அவருக்குப் பிறகு கடை பாப்பம்மாள் கைக்கு வந்தது. மளிகையும் சாப்பாடுமாகக் கடையை நடத்தினார். வாசகியின் கேள்விக்குப் பாதிப் பதில் அந்தக் கடையில் இருக்கிறது. கடையில் வந்த காசைச் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பத்து ஏக்கர் நிலம் வாங்கினார். அந்த நாளில் ஒரு பெண் நகைக்குக் காசு சேர்ப்பாள், சீருக்குச் சேர்ப்பாள். நிலத்துக்குச் சேர்த்தவர்கள் ஊருக்கு ஒருவர் இருந்தாலே அதிகம்.

கடை அவருக்கு இன்னொன்றையும் கொடுத்தது. அது பேச்சு. நாலு பேர் வந்து உட்காரும் இடத்தில் காசு வாங்கிப் போட்டுச் சில்லறை கொடுத்துப் பழகியவருக்கு மேடையும் மைக்கும் ஒரு பொருட்டா? 1959-ல் தேக்கம்பட்டி பஞ்சாயத்து உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிறகு காரமடை ஊராட்சி ஒன்றியத்திலும் உறுப்பினராக இருந்தார். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் உழவர்களை உட்கார வைத்து நடத்திய விவாதக் கூட்டங்களில் அவர் முன்வரிசை ஆள். கேட்டுக்கொண்டு மட்டும் வரமாட்டார், தன் பங்குக்குச் சொல்லிவிட்டும் வருவார். அவினாசிலிங்கம் வேளாண் அறிவியல் நிலையமும் அவரை முன்னோடி விவசாயி என்று கொண்டாடியது. அங்கே போனபோது அவர் இன்னார் மனைவி, இன்னார் தாயார் என்று போகவில்லை. தன் பெயரில் தோட்டம் உள்ளவராகப் போனார். கேள்விக்கு மீதிப் பதில் அதுதான்.

ரசாயன உரம் ஊருக்குள் பரவத் தொடங்கிய 1960-களில் அவருக்கு வயது ஐம்பதை ஒட்டி. அதற்கு முன்பே பாதி ஆயுள் விவசாயம் பார்த்தாயிற்று. தொழுவுரமும் தழையும் அவருக்குப் புதிதாகப் படிக்க வேண்டிய பாடம் இல்லை. பயறு, காய்கறி, வாழை என்று மாற்றி மாற்றிப் போட்டார். முதுமையில் பத்து ஏக்கரையும் சுற்றிவர முடியாமல் போகவே, ஒரு பகுதியை விற்றுவிட்டு இரண்டரை ஏக்கரை மட்டும் வைத்துக்கொண்டார். பார்க்க முடியாத நிலத்தைத் தரிசாகப் போடாமல் கைமாற்றிவிட்டதும் ஒரு விவசாயியின் கணக்குதான். அதைக் குறையாகச் சொல்ல ஒன்றுமில்லை. அந்த இரண்டரை ஏக்கருக்கு விடிந்ததும் கிளம்பிவிடுவார். வெயில் உச்சிக்கு ஏறும்வரை வேலைதான்.

2021-ல் பத்மஸ்ரீ அறிவித்த பிறகு தேக்கம்பட்டிக்கு மைக்கும் கேமராவும் வரிசை கட்டின. வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: இத்தனை வயதுக்கு இவ்வளவு தெம்பு எப்படி? கம்பங்கூழ், ராகிக்களி என்ற பதிலை எதிர்பார்த்தவர்களுக்குப் பாட்டியின் பிரியமான சாப்பாடு மட்டன் பிரியாணி என்று தெரிந்தது. தட்டு வேண்டாம், இலையில்தான் சாப்பாடு. காபி, டீ பக்கம் போகமாட்டார், குடிப்பது சுடுதண்ணீர். பல் துலக்க வேப்பங்குச்சி. சிறுதானியக் கட்டுரைக்குத் தலைப்போடு வந்த நிருபர்கள் கொஞ்சம் திணறித்தான் போயிருப்பார்கள்.

அவர் தி.மு.க-வின் பழைய ஆள். அந்த ஆண்டு பிப்ரவரியில் கோவைக்கு வந்த பிரதமர் மோடி அவரைச் சந்தித்தார். அந்தப் படம் நாடெங்கும் பரவியது. அதைப் பார்த்துக் கட்சிக்காரர்கள்தான் ஆளுக்கொரு கணக்குப் போட்டார்கள். பாட்டிக்கு வீடு தேடி வந்தாலும் விழாவுக்கு வந்தாலும் எல்லோரும் விருந்தாளிதான். கடை நடத்தியவருக்கு அது தானாக வரும்.

2024 செப்டம்பர் 27-ல் பாட்டி காலமானார்.

வாசகி தன் கடிதத்தில் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். அவருடைய அம்மாவும் அதே காட்டில்தான் பாடுபடுகிறார், பட்டா அப்பா பெயரில் இருக்கிறது. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டாலும் பயிர் காப்பீட்டுக்குப் போனாலும் முதலில் பார்ப்பது சிட்டாவும் அடங்கலும்தான். அதில் பெயர் இல்லாதவர் எத்தனை வருடம் களை வெட்டினாலும் அலுவலகக் கணக்கில் விவசாயி ஆகமாட்டார். நிலம் அப்பா சுயமாக வாங்கியது என்றால், அவருக்கு மனமிருந்தால், ஒரு பகுதியை அம்மாவுக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுக்கலாம். குடும்பத்துக்குள் எழுதும் பத்திரத்துக்குக் கட்டணச் சலுகை உண்டு. எவ்வளவு என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளவும். பூர்வீக நிலம் என்றால் மற்றப் பங்குதாரர்களையும் உட்கார வைத்துப் பேச வேண்டியிருக்கும். பத்திரம் பதிந்ததோடு நிறுத்திவிடாமல், உட்பிரிவு செய்து அம்மா பெயருக்குப் பட்டா மாறிவிட்டதா என்றும் பார்த்துக்கொள்ளவும். பலர் கோட்டைவிடுவது அங்கேதான்.