கோத்தா ஆலம் ஷா: ஓட்டுப் போட்டோம், தொகுதியைக் காணோம்!

சிலாங்கூரில் கோத்தா ஆலம் ஷா என்று ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது. கிள்ளான் நாடாளுமன்றத் தொகுதிக்குள் அடங்கிய தொகுதி. 2018 மார்ச் மாதத் தொகுதி மறுசீரமைப்போடு அந்தப் பெயரைத் தூக்கி விட்டார்கள். இன்றைக்குக் கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகளிடம் அந்தப் பெயரைச் சொன்னால் கிள்ளானில் இருக்கும் அரண்மனையைச் சொல்வார்கள். அந்தத் தொகுதியில் ஒருமுறை சிறைக்கம்பிக்குப் பின்னால் இருந்த தமிழர் ஒருவரை மக்கள் ஜெயிக்க வைத்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

2004-லிருந்து வருவோம். அந்தப் பொதுத்தேர்தலில் சிலாங்கூரின் 56 சட்டமன்றத் தொகுதிகளில் 54 பாரிசான் நேஷனலுக்குப் போயின. கோத்தா ஆலம் ஷாவும் அதில் ஒன்று. தேசிய முன்னணியின் பங்கீட்டில் அது கெராக்கான் கட்சியின் தொகுதி. அங்கே நம் ஓட்டு தராசுக்கு வேண்டும், நாக்காலி வேறொருவருக்கு. ம.இ.கா. மேடை போட்டு "நம் ஓட்டு தராசுக்கே" என்று சொல்ல, நாமும் வரிசையில் நின்று குத்தி விட்டு வந்தோம். பல தேர்தல்களாக நடந்த கதை இது.

பிறகு 2007 வந்தது. அக்டோபர் 30-ஆம் தேதி, தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, கிள்ளானுக்கு அடுத்த ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயிலை இடித்தார்கள். நவம்பர் 25-ஆம் தேதி கோலாலம்பூரில் இண்ட்ராப் பேரணி. முதல் நாள் இரவே பத்துமலையில் கூடிய மக்கள் மீது விடியுமுன் தண்ணீர் பீய்ச்சியதும் கண்ணீர்ப்புகை அடித்ததும் மறக்கக் கூடியதா? டிசம்பர் 13-ஆம் தேதி உதயகுமார், மனோகரன், கணபதிராவ், கெங்காதரன், வசந்தகுமார் ஆகிய ஐவரையும் இசா சட்டத்தில் பிடித்துக் கமுந்திங் முகாமில் அடைத்தார்கள். விசாரணை இல்லை. நீதிமன்றம் இல்லை. இரண்டாண்டுத் தடுப்பு ஆணை.

மூன்று மாதம் கூட ஆகவில்லை, தேர்தல் அறிவித்தார்கள். கமுந்திங்கில் இருந்த வழக்கறிஞர் மனோகரனைக் கோத்தா ஆலம் ஷாவில் ஜ.செ.க. நிறுத்தியது. வேட்பாளர் ஒரு நாள் கூடத் தொகுதிக்கு வர முடியாது. கை குலுக்க முடியாது, மேடையேற முடியாது. அவருக்காக அவர் மனைவி போய் ஓட்டுக் கேட்டார். 2008 மார்ச் 8-ஆம் தேதி எண்ணி முடித்தபோது பெரும்பான்மை 7,184!

இந்த நாட்டில் இது முதல் தடவை இல்லை. 1978-இல் சான் கோக் கிட், சியான் ஹெங் காய் என்ற இரு ஜ.செ.க. தலைவர்கள் இசா காவலில் இருந்தபடியே நாடாளுமன்றத்துக்கு ஜெயித்தார்கள். ஆனால் தமிழர் ஒருவர் தமிழர் பிரச்சினைக்காக உள்ளே போய், உள்ளே இருந்தபடி ஜெயித்தது கோத்தா ஆலம் ஷாவில்தான்.

அந்த ஓட்டைப் பற்றி அன்றைக்கே இரண்டு கதை கட்டினார்கள். ம.இ.கா. தரப்பு, "உணர்ச்சிவசப்பட்டுப் போட்ட ஓட்டு, அடுத்த தடவை தெளிந்து விடும்" என்றது. எதிர்க்கட்சித் தரப்பு, "மாற்றத்துக்கான அலை, எங்கள் சின்னத்துக்கு விழுந்த ஓட்டு" என்றது. இரண்டுமே நம்மைக் குழந்தையாக நினைத்துச் சொன்னவை. கோத்தா ஆலம் ஷா இந்தியர் பெரும்பான்மைத் தொகுதி கிடையாது. இந்த நாட்டில் அப்படி ஒரு நாடாளுமன்றத் தொகுதியும் கிடையாது. சீனரும் மலாய்க்காரரும் சேர்ந்து போட்டால்தான் 7,184 வரும். அவர்கள் நம் கோயிலுக்காகப் போட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு மனிதனை விசாரிக்காமல் அடைத்து வைப்பது தப்பு என்பதில் மூன்று இனமும் ஒரே பெட்டியில் ஒரே சீட்டைப் போட்டது. அதைக் கட்சிக் கணக்கில் வரவு வைத்ததுதான் மோசடி.

கிள்ளானுக்கு இது புதுசும் இல்லை. 1941-இல் இதே வட்டாரத் தோட்டங்களில் நம் பாட்டனார்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கக் கேட்டார்கள். (சைக்கிள் விஷயத்தைப் படித்துச் சிரிப்பவர்கள், இறங்கி நின்றவர்களின் பேரப்பிள்ளைகளிடம் கேட்டுப் பார்க்கட்டும்.) ஆர்.எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். எதிர்த்து எழுந்தவர்கள் மீது பட்டாளத்தை ஏவினார்கள், ஐந்து உயிர் போயிற்று. அன்று தோட்டத்துத் தமிழனுக்கு ஓட்டு இல்லை. 2008-இல் இருந்தது, பயன்படுத்தினான்.

சரி, ஜெயித்த பிறகு என்ன நடந்தது? மனோகரன் வெளியே வந்தது 2009 மே மாதம். உள்ளே இருந்தது 500 நாளுக்கு மேல். முதல் ஓராண்டு தொகுதி மக்களுக்குச் சட்டமன்றத்தில் குரல் கொடுக்க ஆள் இல்லை. 2013-இல் அவரை அங்கிருந்து கேமரன் மலைக்கு அனுப்பினார்கள். 462 ஓட்டில் தோற்றார். 2018-இல் மறுபடி அங்கேயே 597 ஓட்டில் தோற்றார். அந்த முடிவை நீதிமன்றம் தள்ளுபடி செய்து, 2019 ஜனவரியில் இடைத்தேர்தல் வைத்தபோதும் தோற்றார். கோத்தா ஆலம் ஷாவில் 2013-இல் ஜெயித்தவர் கணபதிராவ். அவரும் கமுந்திங் போய் வந்தவர்தான், மாநில ஆட்சிக்குழு உறுப்பினராகவும் ஆனார். 2018-இல் கோத்தா கெமுனிங் தொகுதிக்குப் போனார். 2022-இல் கிள்ளான் நாடாளுமன்றத் தொகுதி. அங்கே 2008 முதல் இருந்த சார்ல்ஸ் சந்தியாகோவுக்கு இடம் இல்லை. தனி மனிதர்களை நான் குறை சொல்லவில்லை. யாரை எங்கே நிறுத்துவது என்று ஒரு தடவையாவது தொகுதி மக்களைக் கேட்டார்களா? சதுரங்கக் காய் மாதிரி ஒரே இனத்துக்காரர்களை மாற்றி மாற்றி வைப்பது பாரிசான் பழக்கம் என்று திட்டித்தானே ஓட்டு வாங்கினார்கள்!

இதை விடக் கசப்பானது இசா விஷயம். 2012-இல் இசாவை எடுத்துவிட்டு சோஸ்மாவைக் கொண்டு வந்தார்கள். 2018-இல் ஆட்சி மாறியது, சோஸ்மா மாறவில்லை. 2019 அக்டோபரில் விடுதலைப் புலித் தொடர்பு என்று சொல்லி 12 பேரைப் பிடித்தார்கள். அதில் மலாக்கா காடேக் சட்டமன்ற உறுப்பினர் சாமிநாதனும் நெகிரி செம்பிலான் சிரம்பான் ஜெயா உறுப்பினர் குணசேகரனும் இருந்தார்கள். இருவரும் ஜ.செ.க.காரர்கள். அன்று ஆட்சியில் இருந்ததும் அவர்கள் கூட்டணிதான்! 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் குற்றச்சாட்டுகளைக் கைவிட்டார். அதுவரை நான்கு மாதம் அந்தக் குடும்பங்கள் பட்ட பாட்டுக்கு யார் பதில் சொன்னது? 7,184 ஓட்டின் அர்த்தத்தை அந்தக் கட்சி புரிந்து வைத்திருந்தால் ஆட்சிக்கு வந்த முதல் கூட்டத்திலேயே அந்தச் சட்டத்தைக் கிழித்திருக்க வேண்டும்.

கடைசியாகத் தொகுதிக்கே வருவோம். 2018 மார்ச் 28-ஆம் தேதி, தேர்தலுக்கு ஆறு வாரம் இருக்க, மறுசீரமைப்பை நாடாளுமன்றத்தில் 129-க்கு 80 என்று நிறைவேற்றினார்கள். சிலாங்கூரில் கோடுகள் இஷ்டத்துக்கு இழுக்கப்பட்டன. கிள்ளான் நாடாளுமன்றத் தொகுதியில் வாக்காளர் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றரை லட்சம் ஆயிற்று. இதற்கு முந்திய 2013 தேர்தலிலேயே காப்பாரில் 144,159 வாக்காளர், புத்ராஜெயாவில் 15,791. இரண்டுக்கும் ஒவ்வொரு நாடாளுமன்ற உறுப்பினர்தான். அதாவது புத்ராஜெயாவில் ஒருவர் போடும் ஓட்டுக்குக் காப்பாரில் ஒன்பது பேர் போட வேண்டும். தோட்டம் விற்கப்பட்டு, வெளியேற்றப்பட்டு, கிள்ளானிலும் காப்பாரிலும் தாமான் வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் குடியேறியவர்கள் நாம். அந்தப் பெரிய தொகுதிகளில்தான் நெருக்கியடித்துக் கிடக்கிறோம். 1957-இல் தொகுதிகளுக்குள் 15 விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் கூடாது என்று அரசியலமைப்பில் வரம்பு இருந்தது. 1962-இல் அதைத் தளர்த்தினார்கள், 1973-இல் வரம்பையே எடுத்து விட்டார்கள்.

இனி நாம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒரு மறுசீரமைப்புக்கும் அடுத்ததற்கும் எட்டு ஆண்டுக்குக் குறையாத இடைவெளி வேண்டும் என்கிறது அரசியலமைப்பு. 2018 மார்ச்சிலிருந்து கணக்குப் போட்டால் 2026 மார்ச்சில் அந்த எட்டு ஆண்டு முடிகிறது. தேர்தல் ஆணையம் வரைபடத்தை வெளியிட்டால், ஒரு தொகுதியின் வாக்காளர் 100 பேர் சேர்ந்து ஒரு மாதத்துக்குள் எதிர்ப்புக் கொடுக்கலாம். ஆணையம் உள்ளூர் விசாரணை நடத்தியே ஆக வேண்டும். சென்ற தடவை எதிர்ப்புக் கொடுத்தவர்களில் நம் கோயில் நிர்வாகங்கள் எத்தனை, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்கள் எத்தனை, இளைஞர் மன்றங்கள் எத்தனை? ஒவ்வொரு சங்கமும் தன் கூட்டக் குறிப்பைத் திறந்து பார்த்துக் கொள்ளட்டும். தேர் இழுக்க ஆயிரம் பேரைத் திரட்டும் ஊர் இது. நூறு பேரின் பெயரை, அவர்கள் எந்தத் தொகுதியில் பதிவு என்பதோடு சேர்த்து, இப்போதே எழுதி வையுங்கள். வரைபடம் வந்த பிறகு தேட ஒரு மாதம் போதாது.