பூஜ்ஜியம் என்று எழுதும் பள்ளிகள்

2025 ஜூலையில் தமிழகமே பெஞ்சைப் பற்றிப் பேசியது. ஒரு மலையாளப் படத்தைப் பார்த்துவிட்டு கேரளத்தில் சில பள்ளிகள் வகுப்பறை இருக்கைகளை மாற்றிப் போட்டன. நம் பள்ளிக் கல்வித் துறையும் பிள்ளைகளை ‘ப’ வடிவில் உட்கார வையுங்கள் என்றது. கழுத்து வலிக்கும், கரும்பலகை தெரியாது, நெருக்கியடிக்கும் வகுப்பில் இடம் எங்கே என்று எதிர்ப்பு கிளம்ப, சில நாளிலேயே உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. கடைசி பெஞ்ச் என்கிற இழிவு ஒழிய வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், பிள்ளைகளுக்குள் நடக்கும் அவமானத்தைப் பெஞ்சை நகர்த்தித் தீர்த்துவிடலாம் என்று ஓர் அரசு நம்பியது. எதிர்க்கட்சிகளோ கழுத்து வலியோடு பேச்சை முடித்துக்கொண்டன. இரண்டையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

ஆசிரியர் முதுகைத் திருப்பிய இடத்தில்தான் பெரும்பாலும் இந்தக் கொடுமை நடக்கிறது. கழிப்பறை வாசல், சாப்பாட்டு நேரத்து மரத்தடி, டியூஷன் முடிந்து சைக்கிள் எடுக்கும் சந்து, வாட்ஸ்அப் குழு, பள்ளி வேன். இங்கெல்லாம் பெஞ்சும் இல்லை, ‘ப’வும் இல்லை.

கீழ்க்கட்டளையில் எங்கள் தெருமுனைக்குக் காலை 7.40க்கு ஒரு வேன் வரும். பேரனை ஏற்றிவிட நானும் போய் நிற்பேன். மேடவாக்கம் மெயின் ரோட்டில் மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு போட்டிருப்பதால் வேன் கிளம்பியும் கிளம்பாமலும் பத்து நிமிடம் அங்கேயே ஊர்ந்துகொண்டிருக்கும். உள்ளே நடப்பதெல்லாம் ஜன்னல் வழியாகத் தெரியும். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், கொஞ்சம் திக்கித்திக்கிப் பேசுவான். அவன் படியில் கால் வைத்ததும் காலி இருக்கைகள்மேல் பைகள் ஏறிவிடும். யாரும் அடிப்பதில்லை, தள்ளுவதில்லை. “சீட்டு ஃபுல்லு” என்பாள் ஒருத்தி. “சீ… சீ… சீட்டு” என்று இன்னொருவன் இழுப்பான். வேனே சிரிக்கும். பையன் டிரைவர் பக்கத்தில் இஞ்சின் மூடிமேல் போய் உட்காருவான். சூடு தாங்காமல் பையை அடியில் போட்டுக்கொள்வான். ஒருநாள் அவனும் அவர்களோடு சேர்ந்து சிரித்தான். அன்றைக்குத்தான் எனக்கு நெஞ்சை அடைத்தது.

“பசங்க விளையாட்டு சார், நாளைக்கே ஒண்ணாயிடுவாங்க” என்றார் டிரைவர். ஜூன் கடைசியில் பையனுக்குக் காலையில் வயிற்று வலி வர ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வராது. அவன் அம்மா பள்ளிக்குப் போய்ப் பேசினார். “எங்க ஸ்கூல்ல அந்த மாதிரி எதுவும் கிடையாதும்மா. இதுவரைக்கும் ஒரு கம்ப்ளெய்ன்ட்கூட வந்ததில்ல. பையனைக் கொஞ்சம் தைரியமா வளருங்க” என்று அனுப்பிவைத்தார்கள்.

பை வைத்தவர்களில் என் பேரனும் ஒருவன். ஏன்டா என்று கேட்டேன். “நான் வைக்கலேன்னா அடுத்தது என்னைத்தான் ஓட்டுவாங்க தாத்தா” என்றான்.

ஆராய்ச்சியாளர்கள் பல்லாண்டு உழைத்துக் கண்ட உண்மையை ஒன்பது வயதுப் பிள்ளை ஒரே வரியில் சொல்லிவிட்டான். ஒருவனை வேண்டுமென்றே, திரும்பத் திரும்ப, அவனால் எதிர்க்க முடியாது என்று தெரிந்தே துன்புறுத்துவது: சக மாணவர் கொடுமைக்கு நார்வேயின் டேன் ஓல்வியூஸ் வகுத்த வரையறை இது. இரண்டு பேர் கட்டிப் புரண்டால் அது சண்டை. இருபது பேர் சேர்ந்து ஒருவனுக்கு இடம் இல்லை என்றால் அது வேறு சமாச்சாரம். பின்லாந்தில் கிறிஸ்டினா சால்மிவாலி அந்த இருபது பேரையும் பிரித்துப் பார்த்தார். முன்னின்று செய்பவர் சிலர், கூடச் சேர்பவர் சிலர், சிரித்து ஏற்றிவிடுபவர் சிலர், வேடிக்கை பார்ப்பவர் பலர், தடுப்பவர் சிலர். சிரிப்பு நின்றால் முன்னிற்பவனுக்கு வேலை இல்லை. அதனால் அவர் உருவாக்கிய திட்டம் வேடிக்கை பார்ப்பவர்களைத்தான் முதலில் குறிவைத்தது. நாமோ இன்னும் பாதிக்கப்பட்டவனுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

‘ஒரு கம்ப்ளெய்ன்ட்கூட வந்ததில்லை’ என்ற அந்தப் பெருமைக்கு வருகிறேன். என் கோபமெல்லாம் அதன்மேல்தான்.

2011இல் ஜப்பானின் ஓட்சு நகரில் 13 வயது மாணவன் ஒருவன் சக மாணவர்களின் கொடுமை தாங்காமல் உயிரை விட்டான். நடந்தது என்ன என்று தெரிந்த பிள்ளைகள் எழுதிக் கொடுத்தும், பள்ளியும் கல்வி வாரியமும் பூசி மெழுகின. விஷயம் வெளியே வந்தபோது நாடே கொதித்தது. 2013இல் இதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. சட்டத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது எண்ணிக்கை. 2011 கல்வியாண்டில் ஜப்பானியப் பள்ளிகள் கணக்கில் காட்டிய சம்பவங்கள் 70,231. அடுத்த ஆண்டே அது 1,98,109. 2023 கல்வியாண்டில் 7,32,568. பன்னிரண்டு ஆண்டில் பத்து மடங்குக்கு மேல். ஜப்பான் பிள்ளைகள் பத்து மடங்கு கெட்டுப்போகவில்லை. பார்க்க மறுத்த பெரியவர்கள் பார்க்கத் தொடங்கினார்கள். பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு வலித்தால் அது கணக்கில் வர வேண்டும் என்று வரையறையை விரித்தார்கள். அதிகம் கண்டுபிடிக்கும் பள்ளியை, கவனமாக இருக்கும் பள்ளி என்று அவர்களின் கல்வி அமைச்சகம் மதிக்கிறது. எங்கள் பள்ளியில் பூஜ்ஜியம் என்று எழுதும் பள்ளியோ அதைப் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் அறிவிக்க வேண்டும். ‘உண்மைதானா, விட்டுப்போனது ஏதும் உண்டா?’ என்று அவர்களே சரிபார்க்கட்டும் என்பது ஏற்பாடு. கீழ்க்கட்டளையில் அந்த அம்மாவுக்குக் கிடைத்த பதிலை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜப்பானிலும் பிள்ளைகள் சாகத்தானே செய்கிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. சாகிறார்கள், ஆனால், ஏன் என்று எழுத அங்கே ஒரு பத்தி இருக்கிறது.

இங்கே அது இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் உயிரை மாய்த்துக்கொண்ட மாணவர்கள் 13,044 பேர். மாநில வரிசையில் தமிழ்நாட்டுக்கு இரண்டாம் இடம். அந்த அறிக்கையில் காரணங்களின் அட்டவணை நீளமானது. தேர்வுத் தோல்வி உண்டு, காதல் உண்டு, சொத்துத் தகராறும் வரதட்சணையும் உண்டு. சக மாணவர் கொடுமை என்று ஒரு வரி இல்லை. வேனில் ஆரம்பித்து, பள்ளிக்கு மட்டம் போட்டு, படிப்பில் பின்தங்கி, தேர்வில் தோற்று முடிந்துபோகும் பிள்ளை ‘தேர்வுத் தோல்வி’ என்ற தலைப்பில் போய்ச் சேருகிறது. யுனெஸ்கோ 2019இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஏறத்தாழ மூன்றில் ஒரு மாணவர் முந்தைய ஒரு மாதத்துக்குள் சக மாணவரால் துன்புறுத்தப்பட்டிருக்கிறார் என்றது. அந்தக் கணக்கைப் பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் போட்டுப் பார்த்தால் வேனுக்கு நாலைந்து பிள்ளைகள் தேறுவார்கள்.

புகார் சொல்ல வழி இருக்கிறதே என்பார்கள் அதிகாரிகள். பாடப்புத்தகத்தில் 14417 அச்சிட்டிருக்கிறது, ‘மாணவர் மனசு’ பெட்டி வைத்திருக்கிறோம் என்பார்கள். நாங்குநேரியில் ஒரு பையனும் சொன்னானே! வள்ளியூர்ப் பள்ளியில் சாதி சொல்லி இழிவுபடுத்தி, ஏவல் வேலை வாங்கிய சக மாணவர்களின் தொல்லை பொறுக்காமல் அவன் பள்ளிக்குப் போவதையே நிறுத்தினான். ஆசிரியர்கள் கூப்பிட்டு விசாரித்தார்கள். சொன்னான். 2023 ஆகஸ்ட் 9 இரவு அரிவாளோடு வீட்டுக்கே வந்துவிட்டார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. புகாரைக் கேட்டுக்கொண்ட பள்ளியிடம் அன்று இரவு அந்தப் பிள்ளையைக் காப்பாற்ற ஏற்பாடு ஏதும் இல்லை. எல்லோரும் பார்க்க நடந்துபோய்ச் சீட்டுப் போட வேண்டிய பெட்டியில் எந்தப் பிள்ளை தன் கையெழுத்தைப் போடும்? ‘போட்டுக்கொடுத்தவன்’ என்ற பட்டம் முதல் கொடுமையைவிடக் கொடியது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையைப் பற்றி ஊடகங்களில் ஓடியது மணிக்கட்டுக் கயிறும் நெற்றிப் பொட்டும்தான். சென்னை மாநகராட்சி மன்றத்தில் ஓர் உறுப்பினர் அதைக் கிழித்தே போட்டார். 500 பேருக்கு மேல் படிக்கும் பள்ளிக்கு ஒரு நல அலுவலர் வேண்டும் என்று அதில் ஒரு பரிந்துரை இருக்கிறது. கயிற்றுக்குக் கொதித்தவர்களில் எத்தனை பேர் அந்தப் பக்கத்தைப் புரட்டினார்கள்?

நமக்குச் சட்டம் போடத் தெரியாமல் இல்லை. 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டார். 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அதே 1997இல் இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வரப்பிரகாஷ் பலியானார். 1998இல் அங்கும் சட்டம். ‘பகடிவதை’ என்று அதற்கு ஒரு சொல்லையே ஈழத்தமிழர்கள் வைத்திருக்கிறார்கள். ஆனால், கடல் கடந்தும் கடக்காமலும் இந்த இரண்டு சட்டங்களும் கல்லூரி விடுதியை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஆசிரியர் அடித்தால் கல்வி உரிமைச் சட்டம் இருக்கிறது. பாலியல் தொல்லைக்குப் போக்சோ இருக்கிறது. தெரிந்தும் மறைத்தால் தண்டனையும் உண்டு. ஆறாம் வகுப்புப் பையன் இஞ்சின் மூடிமேல் உட்கார்ந்து போவதற்கு எந்தச் சட்டமும் இல்லை. 2015இல் சிபிஎஸ்இ தன் பள்ளிகளில் இதற்குக் குழு அமைக்கச் சொல்லி அனுப்பிய சுற்றறிக்கை எத்தனை பெற்றோர் கண்ணில் பட்டிருக்கும்?

“நாங்களும்தான் கேலி கிண்டலில் வளர்ந்தோம், கெட்டா போயிட்டோம்?” என்று மார்தட்டுபவர்களுக்கு நேரம் ஒதுக்க நான் தயாராக இல்லை. பிரிட்டனில் 1958இல் ஒரே வாரத்தில் பிறந்த பிள்ளைகளை இன்றுவரை தொடர்ந்து கவனிக்கிறார்கள். அவர்களில் 7,771 பேரின் விவரங்களை லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்டார்கள். 7, 11 வயதுகளில் சக பிள்ளைகளிடம் அடிக்கடி பட்டவர்களுக்கு 50 வயதிலும் மனச்சோர்வு அதிகம், உடல்நலம் குறைவு, துணையாக நிற்க ஆளும் குறைவு. நாற்பது ஆண்டு கழிந்தும் இறங்காத பாரம் அது. தானாகச் சரியாகிவிடும் என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். எங்கள் வேன் பையன் ஜூலையில் வேறு பள்ளிக்குப் போய்விட்டான். ஒரு வாரம்கூட ஆகவில்லை, இஞ்சின் மூடிமேல் நாலாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். இவனுக்குத் திக்குவாய் இல்லை. கறுப்பாக இருக்கிறான், அவ்வளவுதான்.

ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே வேலை அதிகம் என்ற சங்கங்களின் வாதமும் எடுபடாது. வருகைப் பதிவு, உடல்நலப் பரிசோதனை, மதிப்பெண் எல்லாம் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் ஏறும்போது இது ஒன்று மட்டும் பாரமா? ஆண்டுக்கு இரண்டு முறை, பெயர் எழுதாமல், எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரே நேரத்தில் பத்துக் கேள்வி கேட்டால் போதும். வேனும் ஆட்டோவும் அதில் இருக்க வேண்டும். வரும் எண்ணைப் பள்ளி வாசலில் கட்டண விவரம் ஒட்டும் பலகையிலேயே ஒட்ட வேண்டும். பூஜ்ஜியம் என்று ஒட்டும் பள்ளிக்கு மாவட்டக் கல்வி அலுவலர் முதலில் போக வேண்டும். எண்ண மறுக்கும் தனியார் பள்ளிக்கு அங்கீகாரம் புதுப்பிக்கக் கூடாது. நார்வேயின் பெர்கன் நகரில் ஓல்வியூஸ் 42 பள்ளிகளில் முதலில் கேட்டு எண்ணினார், பிறகு வேலையைத் தொடங்கினார். இரண்டே ஆண்டில் கொடுமை பாதியாகக் குறைந்தது. தாம்பரம் மாநகராட்சி எல்லையில் இதைச் செய்தால் இங்கும் குறையும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.  முதல் கணக்கெடுப்பைக் காலாண்டுத் தேர்வுக்குள் முடித்துவிடலாம்.