பொய்ச் சண்டையும் மெய்ச் சண்டையும்

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் உங்கள் வீட்டுப் பிள்ளையாண்டான் யாரும் எழுப்பாமலே எழுந்து உட்கார்ந்திருக்கிறானா? பரீட்சைக்குப் படிக்கிறான் என்று பூரித்துப் போய்க் காப்பி கலக்கக் கிளம்பி விடாதீர்கள். அமெரிக்காவில் திங்கட்கிழமை இரவு நடக்கும் மல்யுத்தக் காட்சி நமக்கு வந்து சேருகிற நேரம் அது. போர்வைக்குள்ளே கைப்பேசி வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்!

அப்பளக் கட்டு நமத்துப் போவதைப் பற்றியும், வாடகை வீட்டில் ஆணி அடிப்பதைப் பற்றியும் எழுதுகிறவனுக்குப் பயில்வான்கள் சமாசாரம் எதற்கு என்றுதான் நானும் இருந்தேன். ஆனால் திருநீர்மலையிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் என்னைச் சும்மா இருக்க விடவில்லை.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் கல்லூரியில் முதல் வருஷம். இளையவன் ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூட வண்டி காலையிலேயே வந்து விடுவதால் இளையவன் சாயங்காலம் வந்துதான் குஸ்தி பார்ப்பான். அதற்காக நாள் முழுவதும் காத்திருப்பான். சென்ற மாதம் ஒரு நாள், தம்பி பூட்ஸுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது, யார் ஜெயித்தான் என்பதை அண்ணன்காரன் போகிற போக்கில் சொல்லிவிட்டான். தம்பி கத்தினான், அழுதான். அண்ணன் அதோடு விட்டானா? "அடே அசடே! எல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்த நாடகம். இதற்குப் போய் அழுகிறாயே!" என்று சிரித்தான்.

அன்று முதல் ஒன்பது நாளாக இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. ஒரே அறை, ஒரே மின்விசிறி. ரசம் வேண்டுமென்றால் கூட, "அம்மா, அவனை அந்தக் கிண்ணத்தை நகர்த்தச் சொல்லு" என்று தூது!

"பொய்ச் சண்டைக்காக மெய்ச் சண்டை போடுகிறார்களே! பேசாமல் அந்த நெட்பிளிக்ஸ் சந்தாவை நிறுத்திவிடலாமா?" என்று கேட்கிறார் அந்தத் தாய்.

வேண்டாம், அம்மா. சந்தா நின்றால் குஸ்தி நிற்கும். பிள்ளைகள் பேச மாட்டார்கள். தம்பியின் மனத்தில் தைத்திருப்பது வேறு.

கடிதம் வந்த வாரத்திலேயே எனக்குத் திருநீர்மலையில் ஒரு கல்யாணம் வாய்த்தது. (முகூர்த்த நாளில் அந்த ஊரில் கல்யாணம் இல்லாதிருந்தால்தான் அதிசயம்.) 2021 முதல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது என்றாலும், மலையும் குளமுமாக அது இன்னும் ஊராகத்தான் இருக்கிறது. அங்கே பெருமாள் நின்றும், இருந்தும், கிடந்தும், நடந்தும் நான்கு கோலங்களில் சேவை சாதிக்கிறார் என்பது நீங்கள் அறிந்ததே. மலைப்படி நிழலில் ஐந்தாறு பையன்கள் அதே நான்கு கோலங்களிலும் மல்யுத்தத்தைப் பற்றி வாதாடிக் கொண்டிருந்தார்கள்! தாலி கட்ட இன்னும் நேரம் இருந்தது. நானும் போய் உட்கார்ந்துகொண்டேன்.

கேட்கக் கேட்க எனக்கு வியப்பாக இருந்தது. வாய்ச் சண்டை பலமாக நடந்ததே ஒழிய, அதற்கு ஒரு வரைமுறை இருந்தது. ஒரு பையன் வாயைத் திறக்கப் போனான், மற்றவன் சட்டென்று, "இரு, இரு! இவன் இன்னும் பார்க்கவில்லை" என்று தடுத்தான். பார்க்காதவன் எழுந்து பத்துப் படி மேலே போய்க் காதைப் பொத்திக்கொண்டு நின்றான். பேச வேண்டியதை இவர்கள் பேசி முடித்ததும் கை காட்டி அழைத்தார்கள். பார்லிமெண்டில் கூட இவ்வளவு ஒழுங்கு உண்டா என்று எனக்குச் சந்தேகம். பயில்வானை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். அவனைப் பிடித்திருக்கிறது என்று சொல்லும் தோழனைத் திட்டக் கூடாது. இது இன்னொரு சட்டம். இதை மீறின ஒரு பையனுக்கு அன்றைக்கு ஐஸ்கிரீமில் பங்கு கிடைக்கவில்லை.

"இதெல்லாம் முன்னாலேயே முடிவு செய்து வைத்த சண்டைதானே, தம்பி?" என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

பதினோரு வயதுக்கு மேல் இராது அந்தப் பையனுக்கு. என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "அது எங்களுக்குத் தெரியாதா, சார்?" என்றான்.

இதற்குள் மாப்பிள்ளை வீட்டைச் சேர்ந்த ஒரு கனவான், பட்டு வேஷ்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். என் வயதுதான் இருக்கும். இவர் எங்கே வந்தார் என்று பார்த்தால், எங்கள் காலத்து மல்யுத்தச் சீட்டுக் கட்டைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். உயரம், எடை, மார்பளவு, கை பருமன், ஜெயித்த சண்டைகள் என்று ஒவ்வொரு பயில்வானின் ஜாதகமும் அச்சிட்ட அந்தச் சீட்டுகள் 1990-களில் எந்தப் பள்ளிக்கூடப் பையில்தான் இல்லை? அண்டர்டேக்கர் ஏழு முறை செத்துப் பிழைத்தவன் என்று சத்தியம் செய்து சொல்லுவார்கள். அந்த அண்டர்டேக்கர் அவர்களுடைய வருஷாந்தரப் பெருவிழாவான ரெஸில்மேனியாவில் 21 முறை தொடர்ச்சியாக ஜெயித்துவிட்டு, 2014 ஏப்ரல் 6-ஆம் தேதி நியூ ஆர்லியன்ஸ் நகரில் பிராக் லெஸ்னரிடம் தோற்றார். நமக்கு அப்போது திங்கட்கிழமை காலை. "ஆபீஸில் ஒருத்தன் போன் பண்ணிச் சொல்லிவிட்டான், சார். இன்றைக்கும் அவனோடு எனக்கு அவ்வளவாகப் பேச்சு இல்லை" என்றார் கனவான். பட்டு வேஷ்டிக்காரர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை!

முடிவு எழுதி வைத்ததுதான் என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. 1989-ல் நியூ ஜெர்ஸி மாகாணத்தின் செனட் சபையில் அந்தக் கம்பெனியாரே, "எங்களுடையது போட்டி அல்ல, கேளிக்கை" என்று ஒப்புக்கொண்டார்கள். விளையாட்டுப் பந்தயங்களுக்கு உரிய கட்டுப்பாடுகளும் வரியும் தங்களுக்கு வேண்டாம் என்பதற்காக! அவர்கள் தொழில் பாஷையில் நல்லவனுக்கு 'முகம்' என்றும், கெட்டவனுக்குக் 'குதிகால்' என்றும் பொருள்படும் பெயர்கள் உண்டு. நமக்கு இது புதிதா என்ன? எம்.ஜி.ஆரிடம் நம்பியார் தோற்கத்தான் போகிறார் என்று தெரியாமலா நம் பாட்டிமார்கள் டிக்கட் வாங்கினார்கள்? திரையிலே அவ்வளவு அக்கிரமம் செய்த நம்பியார், நிஜத்தில் வருஷா வருஷம் மாலை போட்டுச் சபரிமலை சென்ற குருசாமி. அது தெரிந்த பிறகும் அவருடைய சிரிப்பைக் கேட்டால் வயிற்றைக் கலக்கத்தான் செய்தது! அண்டர்டேக்கரின் தம்பியாக முகமூடி போட்டுக்கொண்டு வந்து எல்லோரையும் நடுங்க வைத்த கேன் என்பவர், அண்டர்டேக்கருக்கு உறவே இல்லை. 2018-ல் அவரை டென்னஸி மாகாணத்தில் நாக்ஸ் கவுண்டி ஜனங்கள் மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஆகவே, "நாடகம்" என்பது வசைச் சொல் அல்ல. "பொய்" என்பதுதான் எனக்குப் பிடிக்காத சொல். முடிவு எழுதி வைத்ததாக இருக்கலாம். விழுகிற உடம்பு நிஜமான உடம்பு.

1999 மே 23-ஆம் தேதி அமெரிக்காவில் கான்ஸாஸ் நகரத்து அரங்கம் ஒன்றில் ஓவன் ஹார்ட் என்ற பயில்வான் கூரையிலிருந்து கம்பியில் தொங்கியபடி மேடைக்கு இறங்க வேண்டும் என்று ஏற்பாடு. பாதியில் கொக்கி விட்டுவிட்டது. ஏறக்குறைய 78 அடி உயரத்திலிருந்து விழுந்தார். அரங்கில் இருந்தவர்களில் பலர் அதையும் காட்சியில் ஒரு பகுதி என்றே எண்ணினார்கள். வீட்டில் பார்த்துக் கொண்டிருந்தவர்களுக்கு, "இது காட்சியில் சேர்ந்தது அல்ல" என்று வர்ணனையாளர் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. 34 வயது, மனைவி, இரண்டு சிறு குழந்தைகள். அவர் இறந்து போனார். அதற்குப் பிறகும் அன்றைய நிகழ்ச்சியை நிறுத்தாமல் நடத்தி முடித்தார்கள் என்பதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நெஞ்சு ஆறவில்லை.

"பொய்!" என்று கூச்சல் போடும் கூட்டம் என்ன செய்யக் கூடியது என்பதற்கு நம் தேசத்திலேயே உதாரணம் இருக்கிறது. ஹமீதா பானு என்று ஒரு பெண்மணி. அலிகாரைச் சேர்ந்தவர் என்று அவரைக் கொண்டாடினார்கள். "குஸ்தியில் என்னைத் தோற்கடிக்கிற ஆண்பிள்ளையை நான் கல்யாணம் செய்துகொள்ளத் தயார்" என்று பகிரங்கமாக அறைகூவல் விடுத்தவர்! 1954 மே மாதத்தில் பரோடாவில் பாபா பயில்வான் என்பவரை அவர் 1 நிமிஷம் 34 விநாடியில் மண்ணைக் கவ்வ வைத்தார். ஆனால் கோலாப்பூரில் ஓர் ஆண் பயில்வானை ஜெயித்தபோது, ஜனங்களுக்குப் பொறுக்கவில்லை. கூச்சல் போட்டுக் கல்லை எறிந்தார்கள். போலீசார் வந்து அடக்க வேண்டியதாயிற்று. தம் குஸ்திகளுக்கு ஏற்பட்ட தடையைப் பற்றி அவர் பம்பாய் முதல் மந்திரி மொரார்ஜி தேசாயிடமே முறையிட்டார். அவர் பெண் என்பது காரணம் அல்ல, எதிரே பொம்மைப் பயில்வான்களை நிறுத்துகிறார்கள் என்று புகார் வந்திருக்கிறது என்று பதில் கிடைத்தது. அதே 1954-ல்தான் தாராசிங் ருஸ்தம்-ஏ-ஹிந்த் பட்டம் பெற்றார். பிற்பாடு டெலிவிஷன் ராமாயணத்தில் அனுமாராக வந்தாரே, அவரேதான். மலை போன்ற கிங்காங்கை அவர் தூக்கிப் போட்ட கதைகளை நம் தாத்தாக்கள் சொல்லிச் சொல்லி ஆனந்தப்பட்டார்கள். அதில் எது நிஜம், எது ஏற்பாடு என்று யாரும் கல்லை எடுக்கவில்லை. ஆண்பிள்ளை ஜெயித்தால் வீரம். பெண்பிள்ளை ஜெயித்தால் மோசடி! என்ன நியாயம், பாருங்கள்!

நியாயம் என்றதும் பாகவதம் நினைவுக்கு வருகிறது. கம்ஸனுடைய சபையில் சாணூரனும் முஷ்டிகனும் மலை மலையாக நிற்கிறார்கள். எதிரே பிள்ளைப் பிராயம் மாறாத கண்ணனும் பலராமனும். அப்போது சபையிலே குரல் எழுப்பினவர்கள் யார் தெரியுமா? மதுரா நகரத்துப் பெண்கள். பச்சைப் பிள்ளைகளை இந்த ராட்சதர்களோடு மோதவிட்டு வேடிக்கை பார்ப்பது அதர்மம், இப்படிப்பட்ட சபையில் இருப்பதே பாவம் என்று கூட்டம் கூட்டமாகப் பேசிக் கொண்டார்கள். சண்டை நிஜமா, பொய்யா என்று அவர்கள் கேட்கவில்லை. இது நியாயமா என்று கேட்டார்கள். திருநீர்மலைப் படியில் அந்தப் பையன்கள் தொண்டை வறளக் கேட்டுக் கொண்டிருந்ததும் அதையேதான். இவன் பின்னாலிருந்து நாற்காலியால் அடித்தானே, அது சரியா? நடுவர் திரும்பி நின்ற சமயத்தில் செய்தால் தப்பில்லை என்று ஆகிவிடுமா? நண்பன் துரோகம் செய்தால் மன்னிக்கலாமா?

அந்தச் சகோதரியின் சின்னப் பிள்ளையும் சாயங்காலம் உட்கார்ந்து இதைத்தான் பார்க்க நினைத்தான். அண்ணன் முடிவைச் சொன்னதைக் கூட அவன் மறந்து போவான். அடுத்த வாரம் வேறு சண்டை வரும். நாடகம் என்பதும் அவனுக்குத் தெரியாத விஷயமாக இராது. தெரிந்துகொண்டே நம்புகிறவனை, "அசடே" என்று சொல்லிச் சிரித்ததுதான் உள்ளே போய்த் தங்கியிருக்கிறது.

மூத்தவனைக் கூப்பிட்டு உபதேசம் செய்யாதீர்கள், அம்மா. கல்லூரிப் பையனுக்கு உபதேசம் பிடிக்காது. ஆறாம் வகுப்பில் அவன் யாரை நம்பினான் என்று மட்டும் கேளுங்கள். தம்பி எதிரிலேயே கேளுங்கள். அவனும் ஒரு காலத்தில் எந்தப் பயில்வானுக்காகவாவது கண்ணீர் விட்டிருப்பான். அது வெளியே வந்தால் தம்பிக்குப் பாதிக் கோபம் தீர்ந்துவிடும். அத்துடன், "இவன் பார்க்கவில்லை" என்கிற அந்த மலைப்படிச் சட்டத்தை வீட்டிலும் போட்டுவிடுங்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வரையில் குஸ்தியைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அப்பாவுக்கும் சேர்த்துத்தான்.

நீங்களும் ஒரு நாள் அரைமணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். "இந்தத் தடியன் யார்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு பதில் சொல்லுவார்கள்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். சமாதானம் ஆனதும் அண்ணன் தம்பி இருவரும் கட்டிலின் மேல் ஏறி ஒருவன் மேல் ஒருவன் குதிக்க ஆரம்பிப்பார்கள். தலைகீழாகத் தூக்குவதும் கழுத்தைப் பிடிப்பதும் கூடவே கூடாது. ஒரே ஒரு முறை கூடக் கூடாது. அந்தப் பயில்வான்கள் எதிரியை எப்படித் தூக்குவது என்று கற்றுக்கொள்ளும் முன், மோவாயை மார்போடு ஒட்டிக்கொண்டு முதுகு முழுவதும் தரையில் படும்படி எப்படி விழுவது என்பதைத்தான் மாதக் கணக்கில் பழகுகிறார்கள். அவர்கள் விழுகிற மேடையில் இரும்புச் சட்டத்தின் மேல் பலகை, பலகையின் மேல் நுரை மெத்தை, அதன் மேல் கித்தான். உங்கள் வீட்டில் இருப்பது டைல்ஸ்.