மறதிக்குச் சோம்பல் பட்டமா?

கொரோனா போன பிறகும் மறதி, மந்தம் என்பதெல்லாம் மனப்பிரமை; வேலையில் மூழ்கினால் தானே சரியாகும் என்கிறார்கள். தவறான வாதம்.

பிரிட்டனில் 785 பேரின் மூளையை இருமுறை ஸ்கேன் செய்தார்கள். இடையில் 401 பேருக்குத் தொற்று வந்தது. தொற்றாதவர்களைவிட அவர்களுக்கு மோப்பத்தோடும் நினைவோடும் தொடர்புடைய பகுதிகள் கூடுதலாகச் சுருங்கியிருந்தன. பெரும்பாலோர் ஆஸ்பத்திரியில் படுக்காதவர்கள். 2022-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு இது. சராசரி மாற்றம் சிறியதுதான். ஆனால் அது பிரமையல்ல.

வேலையில் மூழ்குவது மருந்துமல்ல. பலருக்கு, சக்திக்கு மீறி உழைத்தால் மறுநாள் நிலை இன்னும் மோசமாகிறது.

அருவங்காட்டில் இந்த அலட்சியம் ஆபத்தானது. கார்டைட் ஃபேக்டரி இருக்கும் ஊர் இது. வெடிமருந்து வேலையில் ஒரு படி மறந்தால் என்ன ஆகும்? வால்வை மூடினோமா என்று சந்தேகப்பட்டுத் திரும்பிப் போய்த் தொட்டுப் பார்க்கும் தொழிலாளியைச் சோம்பேறி என்றால், அடுத்தவர் தன் மறதியை மறைப்பார். அதுதான் பெரிய ஆபத்து.

மறதிக்கு வேறு காரணம் உண்டா என்று தைராய்டு, பி12, தூக்கம் மூன்றையும் முதலில் பாருங்கள். தேறும்வரை இலகுவான வேலை கொடுங்கள். புத்திமதி வேண்டாம்.